பகைவரின் படம் சுவரில் ஏறும்போது: 'உவாஸ்கர்' கப்பலின் கதை

சிலி நாட்டின் தால்காவானோ கடற்படைத் தளத்தில் 'உவாஸ்கர்' என்ற பழைய கவசக் கப்பல் மிதந்துகொண்டிருக்கிறது. 1865-இல் இங்கிலாந்தின் பிர்க்கன்ஹெட்டில் பெரு நாட்டுக்காகக் கட்டிய கப்பல் இது. 1879-இல் சிலி அதைச் சண்டையில் பிடித்துக்கொண்டது. இப்போது அது அருங்காட்சியகம். உள்ளே மூன்று பேரின் உருவப்படங்கள் இருக்கின்றன. மூவருமே கப்பல் தலைவர்கள், மூவருமே இந்தக் கப்பலில் உயிர்விட்டவர்கள். ஆர்துரோ பிராட்டும் மானுவேல் தாம்சனும் சிலி நாட்டவர்கள். மூன்றாமவர் மிகெல் கிராவ், பெரு நாட்டவர். பிராட்டின் கப்பலை இடித்து மூழ்கடித்தவர் அவர்தான். நாலரை மாதம் கழித்து சிலியின் குண்டுக்குப் பலியானவரும் அவர்தான்.

தான் கொன்ற எதிரியின் படத்தைத் தன் தளத்தில், தன் நாயகனின் படத்தோடு சேர்த்து ஒரு கடற்படை ஏன் வைக்கிறது? போர் முடிந்து நூறு ஆண்டு கழித்து வரும் பெருந்தன்மை என்று இதைக் கடந்து போய்விடலாம். ஆனால் இந்தக் கதையில் பெருந்தன்மை போருக்கு நடுவிலேயே வந்துவிட்டது. அதுவும் மூன்று சின்னப் புகைப்படங்களோடு வந்தது.

கடலில் சண்டை போட்டவர்கள் பிறகு பரிசு கொடுத்துக்கொள்வது பழைய வழக்கம். 1797 ஜூலையில் கானரித் தீவுகளின் சாந்தா குரூஸ் துறைமுகத்தைத் தாக்கப்போன நெல்சன் தோற்றார், வலது கையையும் இழந்தார். ஸ்பெயின் தளபதி குட்டியெரெஸ் பிடிபட்ட ஆங்கிலேயரைச் சிறையில் தள்ளவில்லை. காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, கப்பலுக்குத் திரும்பப் படகும் கொடுத்து அனுப்பினார். நெல்சன் நன்றிக்கடனாக பீரும் பாலாடைக்கட்டியும் அனுப்ப, குட்டியெரெஸ் பதிலுக்கு ஒயின் அனுப்பினார். தன் தோல்விச் செய்தி அடங்கிய ஸ்பானியக் கடிதத்தைக் காதிஸ் துறைமுகத்துக்குத் தானே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகவும் நெல்சன் முன்வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கேம்பர்டவுன் சண்டையில் சரணடைந்த டச்சு அட்மிரல் டி விண்டர் தன் வாளை நீட்டியபோது, ஆங்கிலேய அட்மிரல் டங்கன் வாளை வாங்காமல் கையைக் குலுக்கினார். அன்று ராத்திரி இருவரும் சீட்டாடினார்கள்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. தரைப்படை ஊருக்குள் நுழைகிறது, வீட்டையும் வயலையும் தொடுகிறது. அங்கே பகை மனிதனுக்கு மனிதன் ஊறிப்போகிறது. கடலில் இலக்கு கப்பல்தான். கப்பல் மூழ்கிவிட்டால் தண்ணீரில் தத்தளிப்பவன் எதிரி நாட்டான் என்பதைவிட மாலுமி என்பதுதான் முதலில் தெரியும். காற்று, பாறை, நெருப்பு எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொது எதிரி. அதிகாரிகள் ஒரே மாதிரிப் பயிற்சி பெற்று, அமைதிக் காலத்தில் ஒரே துறைமுகங்களில் சந்தித்து, ஒருவர் கப்பலில் மற்றவர் விருந்துண்டவர்கள். இதை ரொம்பவும் அழகாக்கிச் சொல்லிவிடக் கூடாது. கடற்சண்டையில் ஒரு கப்பல் மூழ்கினால் அதோடு முக்கால்வாசிப் பேர் செத்துப்போவதும் உண்டு. நாம் பார்க்கப்போகும் சண்டையிலும் அதுதான் நடந்தது.

பரிசுகளிலும் வித்தியாசம் உண்டு. ஒயினும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டதும் தீர்ந்துவிடும். வாளைப் பேழைக்குள் வைத்துப் பூட்டிவிடலாம். ஒருவருடைய உருவப்படத்தை வாங்கிக்கொண்டால் அதற்குச் சுவரில் இடம் தர வேண்டும். தினமும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், வீட்டுக்கு வருபவர்கள் 'இவர் யார்?' என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டும். படம் கொடுப்பவரும் தன் முகத்தை அந்நியர் வீட்டில் விட்டுவைக்கத் துணிகிறார். அதனால்தான் முன்னாள் எதிரிகளுக்குள் உருவப்படம் கைமாறுவது மற்றப் பரிசுகளைவிடக் கனமான காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கனம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. 1854-இல் பாரிஸில் டிஸ்டேரி என்ற புகைப்படக்காரர், ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளங்கை அகல அட்டையில் ஒட்டிய மலிவான உருவப்படங்கள் உலகமெங்கும் பரவின. அதுவரை எண்ணெய் ஓவியம் வரைய வசதி இருந்தவருக்குத்தான் உருவப்படம். இப்போது சாதாரண லெப்டினன்டுகூட ஒரு டஜன் எடுத்து, பின்பக்கம் நாலு வரி எழுதி நண்பர்களுக்குக் கொடுக்கலாம். லிமாவில் கூர்ரே சகோதரர்களின் ஸ்டுடியோ 1863-இல் திறந்தது. பெருவின் பெரிய மனிதர்கள் பலர் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். கடலுக்குப் போகிறவன் மனைவி மக்கள் படத்தை உடுப்புக்குள் வைத்துக்கொண்டு போவது இந்தக் காலத்தில்தான் வழக்கமானது.

அப்புறம், இந்த இரண்டு கடற்படைகளும் பிறவிப் பகைவர்கள் கிடையாது. 1865-66-இல் ஸ்பெயினின் கப்பற்படை பசிபிக் கரைக்கு வந்து மிரட்டியபோது பெருவும் சிலியும் கைகோத்து நின்றன. 1866 பிப்ரவரி 7-இல் சிலியின் தென்பகுதியில் அப்தாவ் என்ற இடத்தில் இரு நாட்டுக் கப்பல்களும் ஒரே அணியில் நின்று ஸ்பானியரை எதிர்த்தன. பெருவின் 'உனியோன்' கப்பலுக்குத் தலைவர் மிகெல் கிராவ். சிலியின் 'கோவடோங்கா'வில் பதினேழு வயது இளம் அதிகாரியாக ஆர்துரோ பிராட் இருந்தார். அந்தக் கோவடோங்காவே சில மாதங்களுக்கு முன் ஸ்பானியரிடமிருந்து சிலி பிடித்த கப்பல்.

உறவுமுறையும் இருந்தது. கிராவின் மனைவி தொலோரெஸ் கபேரோ. அவருடைய சகோதரி மானுவேலாவைக் கட்டியிருந்தவர் சிலிக் கடற்படை அதிகாரி ஒஸ்கார் வியேல். அதாவது கிராவும் வியேலும் சகலைகள், நெருங்கிய நண்பர்களும்கூட. 1879-இல் இருவரும் எதிரெதிர்க் கொடிகளின் கீழே கப்பல் ஓட்ட வேண்டியதாயிற்று.

சண்டைக்குக் காரணம் வெடியுப்பு. அடகாமா பாலைவனத்தில் கிடைத்த நைட்ரேட் உப்பு ஐரோப்பாவுக்கு உரமாகவும் வெடிமருந்தாகவும் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாலைவனத்தின் ஒரு பகுதி அப்போது பொலிவியாவுடையது. தோண்டியதோ சிலி முதலீட்டில் நடந்த நிறுவனம். பொலிவியா 1878-இல் குவிண்டாலுக்குப் பத்து சென்டாவோ வரி போட, நிறுவனம் கட்ட மறுக்க, 1879 பிப்ரவரி 14-இல் சிலிப் படை அந்தோஃபகஸ்டாவில் இறங்கியது. 1873-இலேயே பொலிவியாவோடு ரகசிய உடன்படிக்கை போட்டிருந்த பெருவும் உள்ளே இழுக்கப்பட்டது. ஏப்ரல் 5-இல் சிலி போரை அறிவித்தது. பாலைவனத்தில் சாலை இல்லை, தண்ணீர் இல்லை. படையையும் சோற்றையும் கடல் வழியாகத்தான் கொண்டுபோக முடியும். எனவே கடல் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பக்கமே போர் சாயும் என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

அப்போது பெருவிடம் இருந்த இக்கிக்கே துறைமுகத்தைச் சிலி முற்றுகையிட்டது. முக்கியக் கப்பல்கள் வடக்கே போய்விட, முற்றுகைக்கு எஸ்மெரால்டா, கோவடோங்கா என்ற இரண்டு பழைய மரக்கப்பல்கள் மட்டும் நின்றன. எஸ்மெரால்டாவின் தலைவர் பிராட். வயது 31. கடற்படையில் இருந்துகொண்டே சட்டம் படித்து 1876-இல் வழக்கறிஞராகத் தேறியவர். மனைவி கார்மேலா கார்வாஹால், இரண்டு சிறு குழந்தைகள். மே 21 காலை, பெருவின் இரண்டு கவசக் கப்பல்கள் அடிவானத்தில் தெரிந்தன: கிராவின் உவாஸ்கர், அதைவிடப் பெரிய இண்டிபெண்டென்சியா.

எஸ்மெரால்டாவின் குண்டுகள் உவாஸ்கரின் இரும்பைத் துளைக்காது. கொதிகலன்களும் கெட்டுப்போனவை, ஓடித் தப்பவும் வழியில்லை. பிராட் கப்பலைக் கரையை ஒட்டி நிறுத்தினார். குறி தவறும் பெருவின் குண்டு பெருவின் ஊர்மேலேயே விழும் என்பது கணக்கு. உவாஸ்கரின் இரண்டு பெரிய பீரங்கிகளும் கையால் சுற்றித் திருப்ப வேண்டிய சுழல் மேடையில் இருந்தன; மணிக்கணக்கில் சுட்டும் பெரிதாகப் பலனில்லை. கடைசியில் கிராவ் கப்பலின் முகப்பாலேயே மோதி மூழ்கடிக்க முடிவெடுத்தார்.

முதல் மோதலில் இரண்டு கப்பல்களும் ஒட்டிய அந்த நொடியில் பிராட் வாளோடு உவாஸ்கரின் தளத்தில் குதித்தார். ஏறச் சொல்லி அவர் போட்ட சத்தம் பீரங்கி இரைச்சலில் பலருக்குக் கேட்கவில்லை. கூட வந்தவர் சார்ஜென்ட் அல்தேயாவும் இன்னும் ஒரே ஓர் ஆள் என்கிறார்கள். பிராட் அந்தத் தளத்திலேயே விழுந்தார். இரண்டாம் மோதலில் லெப்டினன்ட் செர்ரானோ ஒரு சிறு குழுவோடு குதித்தார், அவரும் விழுந்தார். மூன்றாவது மோதலில் எஸ்மெரால்டா கொடியை இறக்காமலேயே மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 200 பேர். கிராவ் உடனே படகுகளை இறக்கி, தண்ணீரில் கிடந்தவர்களைத் தூக்கச் சொன்னார். சுமார் அறுபது பேர் பிழைத்தார்கள்.

அதே காலையில் கோவடோங்காவைத் துரத்திப்போன இண்டிபெண்டென்சியா, புந்தா குருவேசா முனையில் பாறையில் ஏறி உடைந்தது. தவித்துக்கொண்டிருந்தவர்கள் மீதும் கோவடோங்கா சுட்டது என்று பெரு தரப்பு இன்றுவரை குற்றம் சாட்டுகிறது, சிலி தரப்பு மறுக்கிறது. எப்படியானாலும் பெரு தன் ஆகப் பெரிய கவசக் கப்பலை இழந்தது. வெற்றி என்று வெளியே தெரிந்த நாள், உள்ளுக்குள் பெருவின் கடல்வலிமையைப் பாதியாக்கிய நாள். கிராவ் அடுத்துச் செய்ததை இந்த இழப்போடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எதிரிமேல் ஆத்திரப்பட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

பிராட்டின் உடல் அன்று கரைக்குக் கொண்டுவரப்பட்டது. இக்கிக்கேயில் இருந்த ஸ்பானிய வணிகர் எத்வார்தோ யானோஸ் முன்னின்று மரியாதையோடு அடக்கம் செய்தார். உவாஸ்கரில் கிராவ் பிராட்டிடம் இருந்த பொருள்களைப் பட்டியலிடச் சொன்னார். கப்பலின் நிர்வாக அதிகாரி எழுதிய, மே 21 தேதியிட்ட அந்தப் பட்டியல் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. தொங்குவார் இல்லாத ஒரு வாள். தங்கக் கல்யாண மோதிரம். முத்துச்சிப்பியில் செய்த சட்டைப் பொத்தான்கள். இயேசுவின் இருதயச் சின்னம், கார்மேல் மாதா உத்தரியம், அமலோற்பவ மாதா பதக்கம். ஒரு ஜோடி கையுறை. குறியில்லாத வெள்ளைக் கைக்குட்டை. ஒரு குறிப்பேடு. வால்பரைசோவில் ஒருவருக்குச் சேர்க்க வேண்டிய, முகவரி எழுதி ஒட்டிய ஒரு கடிதம், ஒட்டியது ஒட்டியபடி.

அவற்றோடு மூன்று புகைப்படங்கள். ஒன்று அவருடைய மனைவியுடையது, மற்ற இரண்டும் அநேகமாக அவருடைய குழந்தைகளுடையவை என்று பட்டியல் சொல்கிறது.

அந்த 'அநேகமாக' என்ற சொல்லில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். மேலே தளத்தில் ரத்தம் கழுவிக்கொண்டிருந்திருப்பார்கள். கீழே ஓர் அதிகாரி, எதிரியின் உடுப்பிலிருந்து எடுத்த சிறு அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்தப் பெண் மனைவி, இந்தக் குழந்தைகள் அவர் பெற்றவையாக இருக்கும் என்று ஊகித்து எழுதுகிறார். தெரிந்ததைத் தெரிந்ததாகவும் ஊகத்தை ஊகமாகவும் பிரித்து எழுதும் ஒழுங்கு அந்த நேரத்திலும் போகவில்லை. எதிரி ஒரு குடும்பத்துக்காரன் என்பது அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; முகங்கள் கையில் இருந்தன. கிராவுக்கு வீட்டில் பத்துப் பிள்ளைகள் பிறந்திருந்தன.

ஜூன் 2-இல் பிசாகுவாவில் நின்ற கப்பலிலிருந்து கிராவ் கார்மேலாவுக்கு எழுதினார். சின்னக் கடிதம். ஒரு புனிதக் கடமை தன்னை எழுதவைக்கிறது என்று தொடங்குகிறார். இந்தக் கடிதம் உங்கள் வலியைக் கூட்டும் என்பதற்காக வருந்துகிறேன் என்கிறார். உங்கள் கணவர் தன் நாட்டுக் கொடியைக் காக்கும் துணிச்சலுக்குப் பலியானார் என்று சொல்லி, விலைமதிப்பில்லாத இந்தப் பொருள்கள் உங்கள் துயரத்தில் கொஞ்சம் ஆறுதல் தரும் என்பதால் அனுப்புகிறேன் என்று முடிக்கிறார். தன் நாட்டின் நியாயத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. போரின் நடுவில், ஒரு தளபதி எதிரியின் மனைவிக்கு எழுதும் கடிதத்தில் அப்படி ஒரு வரியை எழுதாமல் இருப்பது சுலபமில்லை.

ஆகஸ்ட் 1-இல் வால்பரைசோவிலிருந்து கார்மேலா எழுதிய பதில் இதைவிட ஆழமானது. கணவரைக் கொன்ற கப்பலின் தலைவருக்கு எழுதுகிறோம் என்பதை அவர் மறக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. போர் கிளப்பிவிட்ட கீழான வெறிகளை எதிர்த்து நின்று, தன் துக்கத்தில் பங்கெடுக்கவும் கணவரின் பெயரை உயர்த்திப் பேசவும் கிராவுக்குத் தைரியம் இருந்தது என்கிறார். முடிந்திருந்தால் அவர் கொலைக்கும் தன் கணவருக்கும் நடுவில் வந்து நின்றிருப்பார் என்று நம்புவதாகச் சொல்கிறார். பிறகு வாளைப் பற்றி ஒன்று சொல்கிறார்: அது சரணடையாத வாள், அதனாலேயே அதன் மதிப்பு கூடிவிட்டது, அப்படிப்பட்ட வெற்றிச்சின்னத்தைக் கையை விட்டுக் கொடுப்பதுதான் அரிதிலும் அரிதான துணிவு.

இந்தக் கதையின் முடிச்சு முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். போரில் கிடைப்பது வெற்றிச்சின்னம். அதை வைத்துக்கொள்ள வென்றவனுக்கு உரிமை உண்டு, எதிரியின் வாள் கிடைத்தால் யாருமே வைத்துக்கொள்வார்கள். அதே பொருளை உரியவர் கையில் திருப்பித் தரும்போது அது பரிசாக மாறுகிறது. மூன்று புகைப்படங்களுக்குச் சந்தையில் விலையே இல்லை. ஆனால் அவற்றை உவாஸ்கரிலேயே வைத்திருந்தால், பிறர் குடும்பத்து முகங்கள் எதிரியின் அறையில் வேடிக்கைப் பொருளாகக் கிடந்திருக்கும். கிராவ் அவற்றை வீட்டுக்கு அனுப்பினார். பின்னால் கிராவின் முகம் சிலிக் கப்பலுக்குள் மரியாதையோடு ஏற முடிந்ததற்கு, இந்த முகங்களை அவர் திருப்பி அனுப்பியது முக்கியமான காரணம்.

சில மாதம் உவாஸ்கர் சிலிக் கரையை ஆட்டிப்படைத்தது. ஜூலை 23-இல் ஒரு குதிரைப்படைப் பிரிவோடு வந்த 'ரிமாக்' என்ற சிலிப் போக்குவரத்துக் கப்பலையே பிடித்தது. சிலியில் அரசியல் கொந்தளித்து, கடற்படைத் தலைமையே மாறியது. கடைசியில் அக்டோபர் 8 காலை அங்காமோஸ் முனையருகே சிலியின் கவசக் கப்பல்கள் உவாஸ்கரைச் சூழ்ந்தன. லத்தோரே தலைமையிலான 'கொக்ரேன்' சுட்ட குண்டு கிராவ் நின்ற கட்டளைக் கூண்டில் நேராக வெடித்தது. அடுத்தடுத்துப் பொறுப்பேற்றவர்களும் விழுந்தார்கள். மிஞ்சியவர்கள் அடிவால்வுகளைத் திறந்து கப்பலை மூழ்கடிக்கப் பார்த்தார்கள். சிலிக்காரர்கள் ஏறி அடைத்துவிட்டார்கள்.

கிராவின் உடலில் கிடைத்தது காலின் ஒரு பகுதிதான். அதை மெஹியோனெஸில் அடக்கம் செய்தார்கள். பிறகு சகலை ஒஸ்கார் வியேல் அதைச் சந்தியாகோவில் தன் குடும்பக் கல்லறையில் வைத்துக் காத்தார். 1890-இல் மரியாதைகளோடு பெருவுக்கு அனுப்பப்பட்டது. பிராட்டின் உடல் அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1888-இல், இக்கிக்கேயிலிருந்து வால்பரைசோ நினைவுச்சின்னத்துக்கு வந்திருந்தது. ஒரு நாட்டின் நாயகனின் எச்சம் எதிரி நாட்டுக் குடும்பக் கல்லறையில் பத்திரமாக இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதுவும் ஒரு பரிசுதான்.

இங்கேயே நிறுத்தினால் கதை இனிப்பாக முடிந்துவிடும். ஆனால் போர் இங்கே முடியவில்லை. 1881 ஜனவரியில் சிலிப் படை லிமாவுக்குள் நுழைந்து, 1883 அக்டோபர் வரை அங்கேயே இருந்தது. தேசிய நூலகத்தின் நூல்கள் மூட்டை மூட்டையாகப் போயின. இக்கிக்கே உள்ளிட்ட தாரபாகா மாகாணம் நிரந்தரமாகச் சிலிக்குப் போனது. தாக்னா, அரிகா விவகாரம் 1929 வரை இழுத்து, தாக்னா பெருவுக்கும் அரிகா சிலிக்கும் என்று முடிந்தது. கடல் எல்லைத் தகராறு 2008-இல் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், 2014 ஜனவரியில்தான் தீர்ப்பு வந்தது. 2007-இல் சிலி 3,788 நூல்களைப் பெருவின் தேசிய நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. கிராவ் பன்னிரண்டு நாளில் செய்த காரியத்தை அரசு செய்ய நூற்றிருபது ஆண்டுக்கு மேல் ஆனது.

உவாஸ்கரோ சிலியிடமே இருக்கிறது. சிலிக் கொடியின் கீழ் 1880 பிப்ரவரி 27-இல் அரிகாவில் அதைச் செலுத்திச் சண்டையிட்டபோது தாம்சன் செத்தார். கிராவ், பிராட் படங்களோடு இருக்கும் இன்னொரு படம் அவருடையது. 1897-இல் கொதிகலன் வெடித்தது. பிறகு நீர்மூழ்கிகளுக்கு உதவும் கப்பலாக வேலை பார்த்தது. 1950-களின் தொடக்கத்தில் பழைய தோற்றத்துக்குப் புதுப்பித்து, இரு நாட்டு வீரர்களுக்கும் பொதுவான நினைவிடமாக வைத்தார்கள். பெருவில் பலருக்கு இந்த ஏற்பாடு போதாது. எங்கள் நாயகனுக்கு அங்கே எவ்வளவு மரியாதை செய்தாலும் கப்பல் எங்களுடையது, திருப்பிக் கொடு என்ற குரல் அங்கே அவ்வப்போது எழுகிறது. சிலியில் பலருக்கோ பிராட் ரத்தம் சிந்திய தளத்தை விட்டுக்கொடுப்பது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

இரண்டு பக்கத்து உணர்வும் உண்மையானது, இதில் எனக்கு எளிய தீர்ப்பு இல்லை. ஆனால் ஒன்று கண்ணில் படுகிறது. கிராவின் படத்தை வைப்பது சிலிக்குக் கஷ்டமில்லை, காரணம் படம் வைப்பதால் எதையும் இழக்க வேண்டியதில்லை. கார்மேலா எழுதியது கையில் இருப்பதை விட்டுக்கொடுக்கும் துணிவைப் பற்றி. அந்த அளவுகோலை வைத்தால், கப்பல் வெற்றிச்சின்னமாகவும் படம் பரிசாகவும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் பெருவில் இந்த மரியாதை முழுத் திருப்தி தருவதில்லை.

பசிபிக்கின் மறுகரையில் இதே சிக்கல் வேறு விதமாகத் தீர்ந்திருக்கிறது. 1905-இல் ருஷ்யாவை வென்ற ஜப்பானிய அட்மிரல் தோகோவை, இளம் அமெரிக்க அதிகாரியாக இருந்த செஸ்டர் நிமிட்ஸ் டோக்கியோவில் ஒரு தோட்ட விருந்தில் சந்தித்துப் பேசினார். 1934-இல் தோகோவின் இறுதிச்சடங்கிலும் கலந்துகொண்டார். பிறகு இரண்டாம் உலகப் போரில் தோகோ வளர்த்த கடற்படையை முறித்தவர் அதே நிமிட்ஸ். போருக்குப் பிறகு தோகோவின் கொடிக்கப்பல் 'மிகாசா' யொகோசுகாவில் சீரழிந்து கிடந்தது. மேல்கட்டுமானத்தைப் பிய்த்துவிட்டு நடனக்கூடம் நடத்தினார்கள். நிமிட்ஸ் 1958-இல் ஒரு ஜப்பானிய இதழில் கட்டுரை எழுதி, அதற்குக் கிடைத்த பணத்தை மிகாசா சீரமைப்புக்கே கொடுத்தார். ஜப்பானியரும் திரட்டினார்கள், 1961 மே 27-இல் கப்பல் நினைவிடமாகத் திறந்தது. 1976-இல் ஜப்பானியர் பதில் பரிசாக, டெக்ஸாஸில் நிமிட்ஸ் பிறந்த ஃபிரெடரிக்ஸ்பர்க் ஊரில் ஒரு தோட்டம் அமைத்தார்கள். அதில் தோகோவின் படிப்பறையைப் போலவே ஓர் அறை இருக்கிறது. உருவப்படத்துக்குப் பதில் ஓர் ஆளின் அறையையே கொடுத்துவிட்டார்கள். இங்கே தடங்கல் இல்லாமல் நடந்ததற்குக் காரணம், மிகாசா எந்த நாளும் அமெரிக்காவின் வெற்றிச்சின்னமாக இருக்கவில்லை. அது ஜப்பானியரிடமே இருந்தது, நிமிட்ஸ் செய்தது உதவி மட்டும்.

பெருவும் சிலியும் தங்கள் நாயகர்களைத் தினசரி வாழ்க்கையில் வைத்திருக்கிற விதமும் பார்க்க வேண்டியது. சிலியின் 10,000 பேசோ நோட்டில் பிராட்டின் முகம். இக்கிக்கே விரிகுடாவில் எஸ்மெரால்டா மூழ்கிய இடத்தை ஒரு மிதவை காட்டுகிறது. மே 21 அங்கே தேசிய விடுமுறை. கிராவ் மக்களவை உறுப்பினராகவும் இருந்தவர் என்பதால், பெரு நாடாளுமன்றத்தில் அவருக்கென்று ஓர் இருக்கை காலியாக வைத்திருக்கிறார்கள். வருகைப் பதிவில் அவர் பெயர் வாசிக்கப்படும்போது அவையே 'ஆஜர்' என்று பதில் சொல்கிறது. அக்டோபர் 8 பெருக் கடற்படையின் நாள். அதே நாளில் தால்காவானோவில் சிலிக் கடற்படையினர் உவாஸ்கரின் தளத்தில் அணிவகுத்து, கிராவுக்கும் அவரோடு செத்தவர்களுக்கும் வணக்கம் செலுத்துகிறார்கள்.

கார்மேலா 1931 வரை உயிரோடிருந்தார். 52 ஆண்டுகள் விதவை. முதல் சில மாதங்கள் தவிர, உவாஸ்கர் அந்த ஆண்டுகள் முழுவதும் அவருடைய நாட்டின் கையில்தான் இருந்தது. கணவர் விழுந்த தளமும் அதுதான், அவருக்கு அந்தக் கடிதத்தை எழுதியவர் விழுந்த கப்பலும் அதுதான்.